ஆஃப்ரோடு வீலு ஆத்தங்கரையில உடைஞ்சா யாரு பொறுப்பு? ரெண்டு வருஷம், 34,000 கிலோமீட்டர் ஓட்டுன அனுபவம்

போன மே மாசம் கொள்ளிடக் கரையில, விளாங்குடி தாண்டி படுகைக்கு இறங்குற சரிவுல, என் மஹிந்திரா தார் ஜீப்போட முன்னாடி இடது வீலு, அத மாட்டுற ஹப்ப விட்டு பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. டயர் வெடிக்கல, ரிம் ஓரம் நசுங்கல. நட்டு போடுற ஓட்டைய சுத்தி இருக்கற நடு வட்டம் மட்டும் ஆறு நட்டோட ஹப்புலயே நிக்குது, மிச்ச வீலு தனியா சாஞ்சு கெடக்கு. வேகம் பதினஞ்சு கூட இருக்காது. பக்கத்து சீட்டுல அப்பா. அரை மணி நேரம் முன்னாடி இதே வண்டி திருவையாறு ரோட்டுல எண்பதுல போச்சு, அத நெனச்சா இன்னமும் கை நடுங்குது.

எங்களுக்கு படுகையில வாழை. ஐப்பசி கார்த்திகையில கரை ரோடு முழுக்க களிமண்ணு, கம்பெனி டயர்ல போனா வழுக்கிட்டு வாய்க்கால்ல தான் நிக்கும். அதுக்குத்தான் 16 இஞ்ச் அலாய் வீலு நாலும், மண்ணு ரோடு ரெண்டுக்கும் ஆகுற ஏடி டயரும் வெளியில ஒரு கடையில போட்டேன், வீலுக்கு மட்டும் 52,000. மொத வருஷம் உண்மையிலயே சந்தோஷமா இருந்துச்சு. காஞ்ச ஆத்து மணல்ல காத்த 18 பிஎஸ்ஐக்கு இறக்குனா படகு மாதிரி போகும், மேல ஏறினதும் கம்ப்ரசர்ல ஏத்திக்குவேன். மைலேஜ் ஒன்னு ஒன்னரை குறைஞ்சுச்சு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயர் மட்ஃப்ளாப்புல உரசும், அதெல்லாம் தாங்கிக்கலாம்.

ஒரு தப்பு என்மேல இருக்கு, மறைக்க விரும்பல. நம்ம ஊர் களிமண்ணு வீலோட உள்பக்கம் அப்பிக்கிட்டு காஞ்சுடும், அப்படியே ரோட்டுல ஏறினா ஸ்டியரிங் ஆடும், கழுவுனா போயிடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். 28,000 கிலோமீட்டர் தாண்டினதுக்கு அப்பறம் கழுவியும் லேசா ஆட்டம் இருந்துச்சு, நான் மண்ணுதான்னு நெனச்சு விட்டுட்டேன். அன்னிக்கே வீல கழட்டி பாத்திருக்கணும்.

கடையில போட்டோ காட்டுனதும் அந்த பையன் சொன்ன மொத வார்த்தை, "அண்ணே, ஆத்துக்குள்ள இறக்கியிருக்கீங்க, அதுக்கு வாரண்டி கெடையாதுண்ணே." கார்டுலயும் பொடி எழுத்துல ஆஃப்ரோடு பயன்பாட்டுக்கு பொருந்தாதுன்னு போட்டிருக்கு. "தம்பி, ஆஃப்ரோடு வீலுன்னு சொல்லித்தானப்பா வித்தீங்க, பெட்டி மேலயே சேத்துல போற ஜீப் படம் போட்டிருக்கே" னு கேட்டா பதில் இல்ல. மண்ணுல ஓட்டுறதுக்குன்னு காசு வாங்கிட்டு மண்ணுல ஓட்டுனதே குத்தம்னு சொல்றது எந்த ஊர் நியாயம்னு எனக்கு இப்பவும் புரியல.

எனக்கு ஒரு மாமா துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. வீலு முறிஞ்ச முகத்த பாத்ததும், "மாப்ள, இது இன்னிக்கு உடைஞ்சது இல்ல" ன்னாரு. ஓட்டை ஓரத்துல பாதிக்கு மேல கருத்து மங்கிப்போய் இருந்துச்சு, கடைசி கொஞ்சம் மட்டும் பளபளன்னு இருந்துச்சு. கருத்தது பல மாசமா ஊர்ந்து வந்த விரிசல், பளபளப்பு அன்னிக்கு சரிவுல முறிஞ்ச இடம். மிச்ச மூணு வீலுக்கும் டிபி டெஸ்ட் போடச் சொன்னாரு. செவப்பு சாயம் தடவி தொடச்சு, மேல வெள்ள டெவலப்பர் அடிப்பாங்க, விரிசல் இருந்தா செவப்பு கோடா எழும்பும். பின்னாடி வலது வீல்லயும் அதே ஓட்டை ஓரத்துல கோடு! அந்த வீலு ஒரு கல்லுல கூட இடிச்சதில்ல. கல்லுல மோதி உடைஞ்சிருந்தா ரிம் ஓரந்தான் மொதல்ல போகும், ரெண்டு வீல்ல ஒரே எடத்துல வராது.

காரணமும் அங்கயே தெரிஞ்சுது. கம்பெனி நட்டையே அலாய்க்கும் போட்டிருக்காங்க, நட்டோட சரிவும் ஓட்டையோட சரிவும் ஒத்துப்போகல, ஒரு ஓரம் மட்டும் தேஞ்சு மினுக்குது. நடு ஓட்டையும் ஹப்ப விட பெருசு, அந்த இடைவெளிய அடைக்கற ரிங் போடல. ரிங் இல்லாட்டியும் நட்டு சரியா உக்காந்து இறுகியிருந்தா தாங்கும்னு மாமா சொன்னாரு, ஆனா இங்க ஏர் கன்ல டர்ருன்னு ஏத்திட்டு விட்டாங்க, அளவு பாத்து இறுக்கற டார்க் ரெஞ்ச் கண்ணுல காட்டல, நூறு கிலோமீட்டர்ல திரும்ப இறுக்கணும்னு யாரும் சொல்லல. வீல் பின்னாடி ஜேடபிள்யூஎல்ங்கற ஜப்பான் அலாய் வீல் தர முத்திரை மட்டும் இருந்துச்சு, அது தயாரிக்கிறவரே சோதிச்சு போட்டுக்கறது, வெளியாள் சோதிச்சா வர்ற விஐஏ முத்திரை இல்ல. எத்தன கிலோ தாங்கும்ங்கற எண்ணும் இல்ல, தயாரிச்சவர் விலாசமும் இல்ல.

சட்டத்த படிச்சேன். 2020 ஜூலையில அமலுக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல 86வது பிரிவு, தயாரிச்சவர் யாருன்னே தெரியாட்டி வித்தவரு பொறுப்பு, பொருத்தறதுலயும் சோதிக்கறதுலயும் கவனம் இல்லாம பாதிப்பு வந்தாலும் வித்தவரு பொறுப்புங்குது. அடுத்த பிரிவுல அவங்களுக்கும் ஒரு கதவு இருக்கு, வாங்கினவர் தப்பா பயன்படுத்தினாலோ மாத்தியிருந்தாலோ தப்பிக்கலாம். அதனால தான் மொத நாளே "ஆத்துல இறக்குனீங்க" ன்னு ஆரம்பிக்கிறாங்க. இன்னொன்னு, வீலோட விலை தனிக் கணக்கு, வீல் உடைஞ்சு ஃபெண்டரும் டிஸ்க்கும் போனது தனிக் கணக்கு, ரெண்டையும் பிரிச்சு எழுதணும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா நுகர்வோர் ஆணையத்துல மனு போட கட்டணம் கெடையாது, நம்ம மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

பதிவு தபால்ல நோட்டீஸ் போன பிறகு ஒரு வீலு ஃப்ரீயா தர்றோம்னாங்க. விரிசல் விட்ட இன்னொரு வீல பத்தி பேச்சே இல்ல, வேண்டாம்னுட்டேன். தஞ்சாவூர்ல மனு போட்டாச்சு. உடைஞ்ச வட்டத்தையும் வீலையும் சாக்குல கட்டி பத்தாயம் பக்கத்துல வச்சிருக்கேன், அந்த முகத்துல எண்ணெய் கூட படவிடல, அதுதான் சாட்சி. பில்லுல பொருத்தற கூலின்னு 1,200 தனியா போட்டிருக்காங்க, அத கேட்டு வாங்கி வச்சது இப்ப ரொம்ப உதவுது.

இப்ப ஓடுறது ஸ்டீல் ரிம்மு. போன வாரம் மதகு கல்லுல இடிச்சு ஓரம் வளைஞ்சுடுச்சு, காத்து மெல்ல எறங்குச்சு, சுத்தியலால தட்டி நிமித்தி காத்தடிச்சு, பாதி லோடு வாழைத்தாரோட மெதுவா வீட்டுக்கு வந்துட்டேன். அப்பா இன்னும் கரை வந்தா கைப்பிடிய இறுக்கி புடிச்சுக்கறாரு.