மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்: பொடிப்பலகையா, பால்மரமா, பிளாஸ்டிக்கா, இரும்பா?

மகள் இந்த வருடம் படிவம் நான்கு. போன வருடக் கடைசி மழையில் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை, ஒரு மணி நேரத்தில் வடிந்தும் போய்விட்டது, ஆனால் அவளுடைய படிப்பு மேசையை முடித்துக்கட்ட அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பக்கப் பலகை இரண்டும் அடியில் தேத்தண்ணீரில் தோய்த்த ரொட்டி மாதிரி ஊதிக் கிடந்தன. விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. வாங்கி இரண்டே வருடம். 140 வெள்ளி. பச்சை இலைப் படம் போட்ட ஸ்டிக்கர் மட்டும் அன்று ஒட்டியது போலவே பளபளவென்று இருந்தது.

புது மேசை தேடி சுங்கை சிப்புட் டவுனில் மூன்று கடை, ஈப்போவில் ஒரு கடை என்று அலைந்தேன். எந்தச் சாமானைக் காட்டினாலும் விற்பவர் வாயில் 'இக்கோ', அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற சொல் வந்துவிடுகிறது. பொடிப்பலகையா, மரக்கழிவில் செய்தது, இக்கோ. ரப்பர் மரமா, காட்டை அழிக்காதது, இக்கோ. பிளாஸ்டிக்கா, மறுசுழற்சி செய்யலாம், இக்கோ. இரும்பா, கேட்கவே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் இவர்களில் யாரும் முழுப்பொய் சொல்லவில்லை. எதில் செய்தது என்பதை மட்டும் சொல்கிறார்கள். எத்தனை வருடம் உழைக்கும், ஒரு இடத்தில் போனால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா, கடைசியில் அதை யார் எடுத்துக்கொள்வார், இதைக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாவது கேள்விக்கு எங்கள் தாமானில் ஒரு சுலபமான பரீட்சை உண்டு. வாரம் ஒரு தடவை மைக் போட்டுக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரி. லோரிக்காரர் எதை ஏற்றுகிறாரோ அதற்கு மறுபிறவி உண்டு, எதைத் தொடாமல் போகிறாரோ அது குப்பைமேடு.

முதலில் என் காலை வாரிய பொடிப்பலகைக்கே நியாயம் சொல்லிவிடுகிறேன். மரச்சீவல், கிளைத்துண்டு, அறுவை ஆலையில் ஓரமாகத் தள்ளிவிடும் துண்டு எல்லாவற்றையும் பசையோடு கலந்து சூட்டில் அழுத்தி எடுப்பதுதான் பார்ட்டிகல் போர்டு. மரத்தை நார் நாராகப் பிரித்து அழுத்தினால் எம்.டி.எஃப். நம் நாட்டு எம்.டி.எஃப் ஆலைகள் வளர்ந்ததே பெரும்பாலும் ரப்பர் மரத்தை நம்பித்தான். பலகைக்கு ஆகாத துண்டையும் வீணாக்காமல் பயன்படுத்துவது என்ற வகையில் நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பசையில் இருக்கிறது. மலிவான பலகைகளில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. பலகை தயாராகி வீட்டுக்கு வந்த பிறகும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடு என்ற நெடியுள்ள வாயு கசியும். புது அலமாரிக் கதவைத் திறந்ததும் கண் கரிக்கிறதே, அதில் இதற்குப் பங்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதற்காக வீட்டில் இருக்கும் அலமாரியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அளவுதான் விஷயம். ஐரோப்பாவின் ஈ1 தரம் என்றால் சோதனை அறைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஜப்பானின் நான்கு நட்சத்திர முத்திரை அதைவிடக் கடுமை. இந்தத் தரப் பலகை இங்கேயும் செய்கிறார்கள், ஏற்றுமதிக்கு அது இல்லாமல் முடியாது. நான் போன ஒரு கடையில் 'இது ஈ1-ஆ' என்று கேட்டதற்கு, விற்கும் பையன் மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று போனான், மேனேஜர் பசியாறப் போயிருந்தார், அவ்வளவுதான்.

அப்புறம் நம் ஊர் சூடு. அதே பசை வெக்கையிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். சிதையும்போது ஆவியும் கூடும், பிடிப்பும் குறையும். அதாவது குளிர்தேசத்தில் பத்து வருடம் நிற்கும் பலகை, தகரக்கூரை போட்ட தோட்டத்து வீட்டில் அத்தனை வருடம் நிற்கும் என்று எண்ணிக்கொள்ள முடியாது.

இனி பால்மரம், அதாவது ரப்பர் மரம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், அம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர். பக்கத்து கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் ரப்பர் மரம் இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அந்தக் கன்று காலத்திலிருந்து கிட்டத்தட்ட நூறு வருடம் இந்த மரத்தை யாரும் மரமாகப் பார்க்கவில்லை, பாலாகத்தான் பார்த்தார்கள். 25, 30 வயதில் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்த்து, அடுப்புக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்கும் போக மிச்சத்தை நின்ற இடத்திலேயே கொளுத்திவிடுவார்களாம். 'ரெண்டு நாளைக்குத் துணி காயப்போட முடியாதும்மா, எல்லாம் புகை வாசம்' என்பார் அம்மா.

கொளுத்தியதற்குக் காரணம் இருந்தது. இந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்டு ஓரிரு நாளில் பூஞ்சை ஏறி நீலம் பூத்துவிடும், பின்னாலேயே வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். அறுத்த கையோடு பலகையை இரும்புத் தொட்டியில் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தி ஏற்றி, பிறகு சூட்டறையில் உலர்த்த வேண்டும் என்று வழி கண்டபிறகுதான் கதை மாறியது. அதில் கெப்போங்கில் இருக்கும் வன ஆய்வு நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அடுப்பில் எரிந்த மரம் 1980-களில் ஏற்றுமதி நாற்காலியானது, மூவார் நகரம் அதை வைத்தே பேர் வாங்கியது.

கடையில் பால்மரப் பலகையைத் தடவிப் பார்த்த மகள், 'ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்மா' என்றாள். சரியாகத்தான் சொன்னாள். வெட்டுப்பட்டுத் தழும்பேறிய அடிமரம், கோணல் கிளை, இவற்றைக் கழித்தால் நீளப்பலகை கிடைக்காது. அதனால் முழங்கை நீளத் துண்டுகளாக அறுத்து, நுனியில் சீப்புப் பல் மாதிரி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டுகிறார்கள். விரல் இணைப்பு. மரம் தரக்கூடியதை வைத்தே சாமானின் வடிவத்தை முடிவு செய்த வேலை இது, எனக்கு இந்த ஒட்டு அழகாகவே தெரிகிறது.

ஆனால் 'காட்டை அழிக்காத மரம்' என்று சொல்லும்போது இரண்டு விஷயத்தை விழுங்கிவிடுகிறார்கள். ஆலைக்குப் போகும் மரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் பலகையாகத் தேறும்; மீதி உலர்த்தும் சூட்டறைக்கு விறகாகவோ பொடிப்பலகை ஆலைக்கோ போகும், அது பரவாயில்லை. இரண்டாவதுதான் உறுத்துகிறது. எங்கள் ஊரைச் சுற்றி அம்மா வெட்டிய நிரைகள் எல்லாம் இன்று செம்பனை. பால்மரத்தை வெட்டிய இடத்தில் பால்மரம் நட்டால்தான் இந்தப் பலகை திரும்பத் திரும்பக் கிடைக்கும். செம்பனை நட்டால் கிடைத்தது கடைசி அறுவடை. செம்பனைத் தண்டிலும் இப்போது ஒட்டுப்பலகை செய்கிறார்கள்தான், ஆனால் தண்ணீரும் மாவும் நிறைந்த தண்டு, உலர்த்தவே பாதி உயிர் போகும், பால்மரத்தின் கெட்டி அதற்கு இல்லை. இன்னொன்று: பூச்சி வராமல் பலகைக்குள் ஏற்றிய அந்தப் போராக்ஸ் கரைசலின் போரான் தண்ணீரில் கரையும். பால்மரச் சாமானை மழைச்சாரல் அடிக்கும் அஞ்சடியில் போட்டுவிட்டு 'கரையான் வந்துவிட்டது' என்று புலம்பக்கூடாது.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், படிப்பு மேசைக்கு அது ஆகாது. ஆனால் கல்யாண வீட்டு நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும், பாலிபுரோப்பிலீன். ஒரே பொருள், ஒரே வார்ப்பு, ஒரு ஆணிகூடக் கிடையாது. உருக்கித் திரும்ப வார்க்க இதைவிடத் தோதான வடிவமைப்பு இல்லை என்பது உண்மை. வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி ஆகி, ஒரு கால் 'டப்' என்று உடைந்தால் முழு நாற்காலியும் போச்சு என்பதும் உண்மை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா குடைக்கம்பியைச் சூடாக்கித் துளைபோட்டு, கம்பியால் தையல் போட்டு வைத்திருக்கிறார். உட்கார்ந்தால் தொடையைக் கிள்ளும்.

இரும்பு செய்யும்போதுதான் பாவம் அதிகம். தாதுவிலிருந்து ஒரு டன் உருக்கு எடுக்க ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறும். பழைய இரும்பை மின்உலையில் உருக்கினால் அதில் சிறு பங்குதான். ஆனால் ஆயுளைப் பாருங்கள். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த இரட்டைத்தட்டு இரும்புக் கட்டில் மூன்று வீடு மாறி, நாலு பெயின்ட் வாங்கி, இன்னும் சித்தி வீட்டில் நிற்கிறது. லோரிக்காரர் முதலில் கேட்பதும் இரும்பைத்தான்.

இப்படி நான்கையும் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசிக் கடையில் மேசைக்கு அடியில் படுத்தே பார்த்துவிட்டேன், விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பலகை எது என்பதைவிட, எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் ஆயுளை முடிவு செய்கிறது. பொடிப்பலகை மேசையில் இருப்பது கேம் லாக்: ஒரு தண்டு, அதன் தலையைக் கவ்வும் ஒரு வட்ட உருண்டை, திருப்புளியால் அரைச்சுற்று சுற்றினால் இறுகும். முதல் தடவை அருமையாக நிற்கும். வீடு மாறும்போது ஒருமுறை கழற்றி மாட்டினால் துளை பொடிந்து தண்டு ஆடும், மூன்றாம் முறை பிடிக்கவே பிடிக்காது. சாத்தே குச்சியை உடைத்துப் பசையோடு துளையில் அடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், செய்து பார்த்திருக்கிறேன். அதே கடையில் பால்மர மேசை ஒன்றிலும் பசை, ஸ்டேபிள் அடித்து முடித்திருந்தார்கள். நல்ல மரம், ஆனால் ஒரு கால் ஆடினால் உடைக்காமல் கழற்ற முடியாது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, பலகையில் பித்தளை நிற நட்டு பதித்து போல்ட் போட்டது. எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றலாம், அலன் கீ ஒன்று போதும்.

என் பழைய மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கப் பலகைதான் கால், அறுத்த ஓரம் நேராகத் தரையில். வாளியைக் கவிழ்த்தாலே போதும், அது உறிஞ்சிவிடும். இரண்டு விரல் உயரத்துக்கு நாலு பிளாஸ்டிக் பாதம் வைத்து, அடி ஓரத்துக்கும் பட்டை ஒட்டியிருந்தால் அன்றைய தண்ணீரில் தப்பித்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவு சில வெள்ளிதான். கண்ணுக்குத் தெரியும் மூன்று ஓரத்துக்குப் பட்டை ஒட்டியவர்கள், தெரியாத ஓரத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

கடைசியில் வாங்கியது பால்மர மேல்பலகை, இரும்புக் கால், போல்ட் போட்டது. 330 வெள்ளி, சும்மா சொல்லக்கூடாது, கை கடித்தது. அவ்வளவு போட முடியாதவர்களுக்குப் பொடிப்பலகை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஈ1 தரமா என்று கேளுங்கள், அடி ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, ரப்பர் பாதம் மாட்டி, ஒரு வாரம் சன்னலைத் திறந்து வையுங்கள். தரை துடைக்கும்போது பிழிந்து துடையுங்கள், அவ்வளவுதான்.

பழைய மேசையை லோரிக்காரரிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு இழுப்பறையின் இரும்புச் சட்டம் இரண்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். மேல்பலகை மட்டும் தண்ணீர் படாமல் நன்றாகவே இருந்தது, அதைப் பெரியப்பா வாங்கிக்கொண்டார், எங்கிருந்தோ ஒரு தையல் மிஷினின் இரும்புக் காலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். 'போல்ட் போட்டா இதுல நிக்காதே பெரியப்பா' என்றேன். 'மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டை போட்டு வாஷர் வச்சு இறுக்கிடுவேன், நீ நாலு ஓரத்துக்கும் வார்னிஷ் அடிச்சுக் குடு' என்றார்.