லாமு பயணம்: முகவர் சேவை எப்படி இருந்தது?

மும்பை மாட்டுங்காவில் உள்ள பயண முகவர் ஒருவர் மூலம், நைரோபி வழியாகக் கென்யாவின் லாமு தீவுக்குக் குடும்பத்துடன் சென்று வந்தோம். விமானம் மண்டா தீவில் இறங்குவதால் அங்கிருந்து ஊருக்குப் படகில்தான் செல்ல வேண்டும்; அதையும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் அவர் முன்பே கவனித்துக்கொண்டார். ஆனால் பவளக்கல்லாலும் அலையாத்தி மரத்தாலும் கட்டிய வீடுகள், செதுக்கு வேலைப்பாடு மிகுந்த கதவுகள், மனிதரும் கழுதையும் ஒதுங்கி நடக்கும் சந்துகள் என நிறைந்து, 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பழைய நகரத்துக்கு ஒரே ஒரு பிற்பகலை ஒதுக்கியது பெருங்குறை. கோட்டையைப் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மணல்மேடுகளை ஒட்டிய ஷேலா கடற்கரை மிக நீளமானது, நிழல் அரிது (ஜுஹூவின் பேல்பூரிக் கடைகளை அங்கே தேட வேண்டாம்). தேங்காய்ப்பாலில் வெந்த மீன் நம் நாவுக்கு இசைந்தது. சைவர்கள் விடுதிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்குமாறு முகவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.