முதல் கன்ட்ரோல் லைன் விமானத்துக்கு இந்த பிளாஸ்டிக் கிட் போதுமா?

கன்ட்ரோல் லைன், அதாவது கையில் பிடித்த இரண்டு லைன்களால் கட்டுப்படுத்தி நம்மைச் சுற்றிப் பறக்கவிடுகிற மாடல் விமானம், பழக வருகிறவர்களில் நிறைய பேர் ஒரே இடத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். பல நாள் உட்கார்ந்து பால்சா மரத்தில் இழைத்து இழைத்து ஒன்றைக் கட்டுவார்கள், முதல் சுற்றிலேயே அது மூக்கு குத்தி விழுந்து தூளாகிவிடும், அதோடு சரி. அதனால் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வந்தபோது பால்சா பக்கமே போகாமல், விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிற குழல் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டில் வரும் ஒரு மலிவான கிட்டை வாங்கினேன். தயாரித்தவர் பெயர் இங்கே வேண்டாம். இதே பாணியில் பல கிட்டுகள் கிடைக்கின்றன, நான் சொல்லப்போகிற நல்லதும் கெட்டதும் அநேகமாக அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லது. உடல் என்பது ஒரே ஒரு மரச்சட்டம். அதன் முன்னால் 2.5 சிசி க்ளோ இன்ஜினைப் பக்கவாட்டில் மாட்டுகிறோம், பின்னால் வால். இறக்கை தட்டையான பிளாஸ்டிக், குழல்கள் நுனியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடுகின்றன, இரண்டு குழலுக்குள் மரக்குச்சி செருகினால் வளையாமல் நிற்கிறது. இறக்கையைச் சட்டத்தோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதுதான் இந்த வடிவமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஏனென்றால் தரையில் மோதும்போது இறக்கை உடையாமல் நழுவிக்கொள்கிறது, திரும்ப நேராக்கிக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் அடுத்த முறை பறக்கத் தயார். எலிவேட்டருக்கு, அதாவது விமானத்தை ஏற்றி இறக்குகிற வால் மடலுக்கு, தனிக் கீல் கிடையாது. ஒரு குழலின் நீளத்துக்கு மேல் தோலை மட்டும் கீறிவிட்டால் கீழ்த் தோலே கீலாக மடங்குகிறது. க்ளோ எரிபொருளில் மெத்தனாலோடு ஆமணக்கு எண்ணெயும் இருக்கும், அது சரியாகப் பூச்சு அடிக்காத பால்சாவில் ஊறி எடையைக் கூட்டிவிடும். இதில் துணியால் துடைத்தால் போய்விடுகிறது.

சரி, இனி குறைகள். பாகங்களை எபாக்சியால் ஒட்டச் சொல்கிறது செய்முறைத் தாள். இந்த ஷீட் பாலிப்ரொப்பிலீன், எபாக்சி அதில் பிடிக்காது. வாலை அப்படி ஒட்டிப் பார்த்தேன், மறுநாள் காலையில் விரலால் தள்ளியதும் கையோடு வந்துவிட்டது. இரண்டு சிறிய போல்ட், அகலமான வாஷர் போட்டு இறுக்கினேன், அதற்குப் பிறகு அசையவில்லை.

பெரிய குறை பெல்கிராங்கில், அதாவது லைன்களின் அசைவை எலிவேட்டருக்குக் கடத்துகிற சிறு நெம்புகோலில். இரண்டு லைனும் வந்து சேர்கிற, விமானத்தின் மொத்த இழுவையையும் தாங்குகிற இடம் அது, அதைப் போய் ஒரே ஒரு மர ஸ்க்ரூவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600 கிராம் விமானம் 16 மீட்டர் லைனில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுற்றினால் கையில் சுமார் ஒன்றரை கிலோ இழுக்கும். காற்றில் ஒரு வெட்டு வந்தால் இன்னும் கூடும். நான் சட்டத்தின் இரு பக்கமும் பிளைவுட் துண்டு வைத்து, ஊடுருவிப் போகும் போல்ட்டும் லாக் நட்டும் போட்டேன். ஒவ்வொரு நாளும் பறக்கும் முன் விமானத்தின் எடையைப் போல 10 மடங்கு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜினைத் தொடுகிறேன். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். லைன் பிடி விட்டால் சுழலும் ப்ரொப்பெல்லரோடு அது யார்மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது.

கூட வந்த லைன் 10 மீட்டர் நைலான் கயிறு. நைலான் நீளும், அதனால் கை அசைந்து ஒரு கணம் கழித்துத்தான் எலிவேட்டர் அசைகிறது. நீளமும் போதாது, அதே வேகத்துக்கு ஒரு சுற்று மூன்று நொடியில் முடிந்துவிடும், பழகாதவனுக்குத் தலை சுற்றும். 0.38 மில்லிமீட்டர் முறுக்கு ஸ்டீல் கம்பியில் 16 மீட்டர் போட்டதும் சுற்றுக்கு 5 நொடி கிடைத்தது. ஸ்டீல் என்பதால் மின்கம்பி கண்ணில் படுகிற மைதானமே வேண்டாம், மேகம் இடித்தாலும் சுருட்டி வைத்துவிடுங்கள்.

அப்புறம் சமநிலை. தாளில் காட்டிய புள்ளியில் வைத்தபோது விமானம் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தது. மூக்கில் எடை சேர்த்து, எடை மையத்தை முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தேன். பெல்கிராங்கிலிருந்து எலிவேட்டருக்குப் போகிற புஷ்ராட் கம்பியையும், எலிவேட்டரில் அது மாட்டுகிற ஹார்ன் என்ற துண்டின் வெளி ஓட்டைக்கு மாற்றினேன், அசைவு குறைந்து சாதுவாகிவிட்டது. வெளிப்பக்கமான வலது இறக்கை நுனியில் வைக்கச் சொன்ன எடை மட்டும் சரியாகவே இருந்தது.

1940களில் அமெரிக்காவில் ஜிம் வாக்கர் பிரபலமாக்கிய அதே இரண்டு லைன், ஒரு பெல்கிராங்க் ஏற்பாடுதான் இதுவும். அது ஒரு சிறுவன் கையில் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம். காற்று எங்கள் முதுகில் படும்படி நின்று, காற்று போகும் திசையில் விமானத்தை வைத்து விட்டோம், காற்றே லைனை இறுக்கிப் பிடித்துக்கொடுத்தது. முதல் நாள் நான்கு முறை மூக்கு குத்தியது. மணிக்கட்டை மடக்காமல் முழுக் கையையும் தூக்கித் தாழ்த்தச் சொன்ன பிறகுதான் நின்றது. "மாமா, தல சுத்துது" என்றான். பின்னால் ஓடும் மரங்களைப் பார்க்காமல் விமானத்தை மட்டும் பார் என்றேன், டேங்க் காலியாகும்வரை சுற்றினான்.

இரண்டு நைலான் ப்ரொப்பெல்லரும் ஒரு பிடி ரப்பர் பேண்டும் போயின, இறக்கை இன்னும் முதலில் வந்ததேதான். லூப், அதாவது வானில் குட்டிக்கரணம், அடிக்க இது உதவாது, தட்டை இறக்கையும் இந்த எடையும் அதற்கு இடம் கொடுக்காது. நிலையாகச் சுற்றி, ஏற்றி இறக்கி, இன்ஜின் நின்றதும் பதமாகத் தரையிறக்கப் பழகுகிறவருக்குத் தாராளமாக வாங்கலாம், கம்பியும் போல்ட்டும் பிளைவுட்டும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.