டெம்ப்ஸ்டர் ரோடு, ஒரு காத்தடிக்கிற பெட்டி, நாசமாப் போற ஒரு நாசில்

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு போன வாரம் ஒரு லிங்க் அனுப்பி "அக்கா நீங்க வச்சிருக்கிற டயர் இன்ஃப்ளேட்டர் இதுதானே, ஆஃபர்ல 1,799க்கு வந்திருக்கு, நாங்க ஜூன்ல கனடா போயி டெம்ப்ஸ்டர் ஓட்டப்போறோம், இத வாங்கலாமா, பெட்ரோல் கேன் எத்தன வேணும், டயர் எப்படிப் பாக்கணும்"னு ஒரே மூச்சுல கேட்டுட்டா. (டெம்ப்ஸ்டர்ங்கிறது கனடாவுல ஆர்க்டிக் பக்கம் போற ஜல்லி ரோடு.) வாட்ஸ்அப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சு அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி எல்லாருக்குமா எழுதிடலாம்னு எழுதறேன். நான் வாங்கினப்ப இதோட விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அந்த வயித்தெரிச்சல் தனி.

பெட்டி எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். 12 வோல்ட், சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுறது, மேல ஒரு டிஜிட்டல் மீட்டர், பக்கத்துல ஒரு டார்ச். பிராண்ட் சொல்ல மாட்டேன், ஸ்டிக்கர் மட்டும் மாத்தி ஊரெல்லாம் இதேதான் விக்கிறாங்க.

முதல்ல எரிச்சலக் கொட்டிடறேன், இல்லன்னா மத்தது எதுவும் நிதானமா எழுத வராது. ஹோஸ் முனையில ஒரு பித்தளை நாசில் இருக்கு பாருங்க, அத வால்வு மேல வச்சு மரையில சுத்திச் சுத்தி ஏத்தணும். ஏத்துறப்ப ஒண்ணும் தெரியாது. கழட்டுறப்பதான் ஆட்டம். உள்ள இருக்கிற ரப்பர் சீல் முதல் சுத்துலயே விலகிடுது, ஆனா நடுவுல இருக்கிற குச்சி வால்வு ஊசிய இன்னும் அழுத்திக்கிட்டேதான் இருக்கு, அதனால கடைசி மரை வர்ற வரைக்கும் புஸ்ஸுனு காத்து போயிட்டே இருக்கும். வேகமா கழட்டினா ரெண்டு பி.எஸ்.ஐ. (டயர் காத்தழுத்தத்தோட அளவு) போகும், கொஞ்சம் தடுமாறினா நாலு. சரி வேகமா கழட்டலாம்னா அங்கதான் ரெண்டாவது கொடுமை, அழுத்தின காத்து சூடாகும், சிலிண்டர் சூடாகும், அந்தச் சூடு பூரா வந்து உக்காந்துக்கிறது இந்தப் பித்தளையிலதான், பத்து நிமிஷம் ஓடினப்புறம் தொட்டா தோசைக்கல்லுல விரல் வச்ச மாதிரி இருக்கும். மெதுவா கழட்டினா காத்து போகும், வேகமா கழட்டினா தோல் போகும். இத டிசைன் பண்ணவரு வாழ்க்கையில ஒரு தடவையாவது ஒரு டயருக்கு காத்தடிச்சிருப்பாரான்னு தெரியல.

பெங்களூருக்குள்ள இதெல்லாம் பெரிய விஷயமே இல்ல. ஊர்ல வருஷம் பூரா வெயிலும் குளிரும் ரொம்ப ஆடாது, எந்த பங்க்லயும் காத்து கிடைக்கும், சர்ஜாபூர் ரோட்டுல பில்டிங் வேலை நடக்கிற பக்கம் ஆணி ஏறினாத்தான் இத டிக்கியில இருந்து எடுக்கிறதே. ரெண்டு பி.எஸ்.ஐ. போனா போகட்டும்னு விட்டுடலாம்.

லடாக் போனப்ப கூட சமாளிச்சேன். அங்க இயற்கையே கொஞ்சம் உதவி பண்ணும், மேல ஏற ஏற வெளிக்காத்தோட அழுத்தம் குறையும், அதனால மணாலியில 32 வச்சுட்டுக் கிளம்பினா டங்லாங் லா கணவாய் மேல மீட்டர் கூடத்தான் காட்டும், குளிர்ல குறையறத இது ஓரளவு சரிக்கட்டிடும். டாண்டி பங்க்ல "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்"னு வச்சிருக்கிற அந்த போர்டு முன்னாடி நின்னு எல்லாரும் போட்டோ எடுப்போம்ல, அத வச்சே நாமளும் பெரிய ரோட் ட்ரிப் ஆளுங்கன்னு ஒரு நினைப்பு வந்துடும். அந்த அனுபவத்த அப்படியே தூக்கிட்டு ஆர்க்டிக் பக்கம் போனா உதவாது, ஏன்னா டெம்ப்ஸ்டர்ல உயரம் பெருசா இல்ல, 1,300 மீட்டர் ஒட்டிதான் அதிகபட்சம், பெங்களூரே 900 மீட்டர்ல உக்காந்திருக்கு. சரிக்கட்ட ஒண்ணும் இல்ல, குளிர் மட்டும்தான். பத்து டிகிரி இறங்கினா ஒன்றரையில இருந்து ரெண்டு பி.எஸ்.ஐ. இறங்கும். ரோடு தொடங்குற பக்கம் இருக்கிற டாசன் சிட்டியில மத்தியானம் நல்ல வெயில்ல அளந்து வச்சுட்டு வழியில வர்ற டூம்ஸ்டோன் கேம்ப்ல ராத்திரி தங்கினா காலையில மூணு நாலு குறைஞ்சு நிக்கும், பஞ்சரோன்னு பதறுவோம், பஞ்சர் இல்ல. அதனால அளக்கிறதெல்லாம் காலையில, வண்டிய எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் ஆறி இருக்கிறப்ப மட்டும்தான்.

இப்ப டயர். டெம்ப்ஸ்டர் டாசன் பக்கத்துல இருந்து இனுவிக் வரைக்கும் சுமார் 740 கிலோமீட்டர், அதுக்கு மேல ஆர்க்டிக் கடல் கிட்ட இருக்கிற டக்டோயாக்டக்குக்கு இன்னொரு 140. அந்தக் கடைசித் துண்டு 2017 நவம்பர்லதான் தொறந்தாங்க, அதுக்கு முன்னாடி குளிர்காலத்துல உறைஞ்ச ஆத்து மேல, கடல் மேல ஓட்டிட்டுப் போவாங்க. ஊருங்கள ஒட்டி கொஞ்சம் விட்டா எல்லாமே ஜல்லி. கீழ நிரந்தரமா உறைஞ்சு கிடக்கிற மண்ணு, அது இளகிடக் கூடாதுன்னு மேல தடிமனா ஜல்லிய கொட்டி மெத்தை போட்டு அதும்மேல ரோடு. அந்த ஜல்லியில சில இடத்துல ஷேல் கல்லு, தட்டையா, ஓரம் பூரா கூரா இருக்கும். நம்ம ஊர் ஆணி மாதிரி ஒழுங்கா ஒரு ஓட்டை போட்டுட்டு நிக்காது, பக்கவாட்டுல கீறிடும், சைடு வால் கிழிஞ்சா எந்தப் பஞ்சர் கிட்டும் உதவாது. அதனால கார் டயர் வேண்டாம், எல்.டி.னு (லைட் டிரக்) போட்ட பத்து பிளை (பத்து அடுக்கு பலம்) டயர் இருக்கிற வண்டியா கேளுங்க, ஸ்டெப்னி முழு சைஸா இருக்கணும், ரெண்டு கிடைச்சா ரெண்டையும் வாங்கிக்கோங்க. அந்தச் சின்ன சைஸ் தற்காலிக ஸ்டெப்னிய வச்சுக்கிட்டு 300 கிலோமீட்டர் ஜல்லியில போறது நடக்கிற காரியமில்ல. இன்னொண்ணு, எல்.டி. டயருக்கு வண்டிக் கதவுல ஒட்டியிருக்கிற காத்து அளவு பத்தாம போகலாம், வண்டி குடுக்கிறவங்ககிட்டயே எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. எங்களுக்கு 310 கிலோபாஸ்கல்னாங்க, நம்ம கணக்குல 45 பி.எஸ்.ஐ. நிறைய ரெண்டல் கம்பெனி ஜல்லி ரோட்டுக்கே விடமாட்டாங்க, ஒப்பந்தத்த வரி விடாம படிங்க.

எங்களுக்கு நடந்தது, ஓகில்வி ஆறு தாண்டி, நடுவழியில பங்க் இருக்கிற ஈகிள் பிளெயின்ஸ் பக்கம் ஏறுற மேட்டுல பின் டயர் இறங்கிடுச்சு. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்குது, அத இறக்குற வின்ச் சேறு காஞ்சு இறுகி அசையவே மாட்டேங்குது, வீட்டுக்காரர் கம்பிய சுத்திச் சுத்தி கை வலிச்சதுதான் மிச்சம். (வண்டி கைக்கு வந்தவுடனே ரெண்டல் ஆபீஸ் வாசல்லயே ஸ்டெப்னிய ஒரு தடவ கீழ இறக்கி ஏத்திப் பாத்துடுங்க, அவங்க மூஞ்சி சுளிச்சாலும் பரவாயில்ல.) நல்லவேளை ஓட்டை நடுப்பட்டையில, ஸ்ட்ரிப் சொருகி அடைச்சோம். அப்புறம் இந்தப் பெட்டிதான். பெரிய டயர், நம்ம ஊர் ஹேட்ச்பேக் டயரோட பாத்தா உள்ள காத்து ரெண்டு பங்குக்கு மேல பிடிக்கும், இஞ்சின ஓடவிட்டு கால் மணி நேரம் அடி, ஆறவிடு, மறுபடி அடி. பெட்டி ஒரு தடவ கூட தானா நிக்கல. மீட்டர் காட்டினது அப்புறம் ஈகிள் பிளெயின்ஸ் கடைக்காரரோட மீட்டரோட ஒத்துப் போச்சு. இது சாதாரண விஷயமில்ல, இந்த விலையில இப்படி உழைக்கிற சாமான் நான் வேற பாக்கல, அத மறைக்க மாட்டேன்.

ஆனா கழட்டணுமே. ராத்திரி பதினொண்ணு, சூரியன் மேலயே நிக்குது, கொசு, நம்ம பெல்லந்தூர் ஏரிக் கொசுவெல்லாம் அங்க போனா சொந்த ஊரு ஞாபகம் வந்து அழுதிடும், அவ்வளவு கொசு. கையுறை போட்டா மரை பிடிபடல, கழட்டினா ஒரு பக்கம் பித்தளை சுடுது, இன்னொரு பக்கம் புறங்கையெல்லாம் கடி, அடிச்ச 45ல 41தான் மிச்சம். 45ல அழுத்தம் கூட, அதனால போற வேகமும் கூட. மறுபடி ஏத்தி, 49 வரைக்கும் அடிச்சு, திட்டிக்கிட்டே கழட்டி. ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்துல குளிர்ல விரைச்சுப் போகும்னு நினைச்ச விரல்ல சூட்டுக் கொப்புளம் வந்த ஆளு நானாத்தான் இருக்கும்.

பெட்ரோலுக்கு வர்றேன், அவ முக்கியமா கேட்டது அதுதான். பயந்த அளவுக்கு இல்ல. டாசன்ல ஃபுல் பண்ணா ஈகிள் பிளெயின்ஸ் சுமார் 410 கிலோமீட்டர், அங்கிருந்து ஃபோர்ட் மெக்பெர்சன் 180, அங்கிருந்து இனுவிக் இன்னொரு 185 போல. ஒரு நல்ல பிக்அப் டேங்க் இத தாங்கும். கேன் எதுக்குன்னா போறதுக்கு இல்ல, பாதி வழியில திரும்ப வேண்டி வந்தா அதுக்கு. வழியில பீல் ஆறு, மெக்கன்சி ஆறு ரெண்டுலயும் கோடையில படகுல வண்டிய ஏத்தித்தான் கடக்கணும், தண்ணி ஏறிடுச்சு இல்ல காத்து பலமா இருக்குன்னா படகு நிக்கும், எப்ப ஓடும்னு சொல்ல முடியாது. பீல் கரையில நின்னா மெக்பெர்சன் அக்கரையில, இக்கரைக்கு கடைசி பங்க் ஈகிள் பிளெயின்ஸ், பின்னால 170 கிலோமீட்டர். அந்த 170க்கு மிச்சம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டா போதும், அதுக்கு ஒரு 20 லிட்டர் கேன். நம்மாளுங்க லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு பாப்போம், அங்க 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னு எழுதியிருக்கும், அதுவும் தார் ரோட்டுக் கணக்கு, ஜல்லியில எதிர்க்காத்துல அது வராது, கூட வச்சே கணக்கு போடுங்க. கேனுக்குள்ள நிரப்புறப்ப தரையில வச்சு நிரப்புங்க, வாய் வரைக்கும் ஊத்தாதீங்க, மூடின எஸ்.யு.வி.க்குள்ள வைக்கவே வைக்காதீங்க. வாடை மட்டும் இல்ல, ஆபத்து. பிக்அப் பின்னாடி திறந்த இடத்துல கட்டி வைங்க. கிளம்புற அன்னிக்கு யூகான் 511 (ரோடு நிலவரம் சொல்ற சேவை) பாத்துட்டு கிளம்புங்க, டாசன் தாண்டினா மெக்பெர்சன் வரைக்கும் போன் சிக்னல மறந்துடுங்க.

அலாஸ்கா பக்கம் டால்டன் ரோட்டுல போறவங்களுக்கு கணக்கு வேற, கோல்ட்ஃபுட் விட்டா டெட்ஹார்ஸ் வரைக்கும் 386 கிலோமீட்டர் ஒரு சொட்டு கிடைக்காது.

ஃப்ளைட்ல பெட்டிய எடுத்துட்டுப் போறதுல பிரச்சனையே வரல, பேட்டரி இல்லாத மாடல்ங்கிறதால செக்-இன்ல போட்டாச்சு. பஞ்சர் கிட்ல இருக்கிற சொல்யூஷன் டியூப எடுத்து வீட்டுலயே வச்சுடுங்க, தீப்பிடிக்கிற சாமான், விடமாட்டாங்க, அங்க வொயிட்ஹார்ஸ் ஊர்ல வாங்கிக்கலாம். அப்புறம் சாக்கெட் ஃபியூஸ் ரெண்டு எக்ஸ்ட்ரா. முடிஞ்சா பேட்டரியில நேரா கிளிப் மாட்டுற மாடலே எடுங்க, சாக்கெட் தாங்குமான்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே உக்கார வேண்டியதில்ல.

போன மாசம் ஹோஸ் முனையில மரையே தேய்ஞ்சு போயி, வால்வுலயே நிக்க மாட்டேங்குதுன்னு ஜே.சி. ரோட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். கம்பெனி சர்வீஸ்ல ஹோஸ் தனியா வராது, புது பெட்டி வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. ஜே.சி. ரோடு பாய் கையில வாங்கிப் பாத்தாரு, "ஏம்மா இத வச்சா அவ்வளவு தூரம் போயிட்டு வந்தீங்க"ன்னாரு, முனைய வெட்டினாரு, லீவர் அழுத்தினா கப்புனு பிடிச்சு தூக்கினா டப்புனு விடுற கிளிப் நாசில் ஒண்ண மாட்டி கிளாம்ப் இறுக்கினாரு. இருநூறு ரூபா. டீ வர்றதுக்குள்ள முடிஞ்சது. இப்ப 35 அடிச்சா 35 நிக்குது. விரல் சுடல.

அந்த இருநூறு ரூபாதான் என்னால ஜீரணிக்க முடியல. மோட்டார் நல்லா போட்டிருக்கான், மீட்டர் நல்லா போட்டிருக்கான், சிலிண்டர் இத்தன வருஷம் தாங்குது, கடைசி ஒரு இஞ்சுல கைய சுருக்கிட்டான். ஆஃபர் போட்டு விலைய பாதியாக்கினவன் அந்த நாசில மாத்தினானான்னு லிங்க்ல போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன், அதே பித்தளை, அதே மரை.

அதனால வாங்காத. என்னோட பதில் அதுதான். கிளிப் நாசிலும் பேட்டரி கிளிப்பும் இருக்கிற வேற எதையாவது வாங்கு, ஆயிரம் கூடப் போனாலும் போகட்டும்.

"அப்ப உங்களோடத ஒரு மாசத்துக்கு குடுங்கக்கா"ன்னு கேட்டா. தர மாட்டேன்னு சொல்லிட்டேன், அது இல்லாம நான் ஓசூர் கூட தாண்ட மாட்டேன்.