கோட்ஸ்பெல்: தெரிந்த பிழையை மட்டும் பிடிக்கும் பிழைதிருத்தி

மென்பொருள் ஆவணங்களிலும் நிரல்களிலும் உள்ள ஆங்கில எழுத்துப்பிழைகளைத் திருத்துவதற்கென்றே எழுதப்பட்ட கருவிகளுள் மிக எளியதும் பரவலாகப் பயன்படுவதும் கோட்ஸ்பெல். லூகாஸ் டி மார்க்கி தொடங்கிவைத்து, பிறகு பலருடைய உழைப்பால் வளர்ந்த இந்தப் பைத்தான் நிரல், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் வழியாக ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களின் தொகுப்புகளிலும் உண்டு. பயனர் கையேடுகளையும் ரீட்மீ கோப்புகளையும் செப்பனிடும் வேலையில் இதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவன் என்ற முறையில், இது எங்கே உதவுகிறது, எங்கே கையைச் சுடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹன்ஸ்பெல், ஆஸ்பெல் போன்ற வழக்கமான பிழைதிருத்திகள் சரியான சொற்களின் அகராதியை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒவ்வொன்றையும் பிழை என்று காட்டுகின்றன. லிபரே ஆபிஸில் கடிதம் எழுதுகிறவருக்கு அந்த முறை போதும். மென்பொருள் ஆவணத்திலோ பக்கத்துக்குப் பக்கம் கட்டளைகள், கோப்புப் பாதைகள், மாறிகளின் பெயர்கள், சுருக்கப்பெயர்கள், நிரலாளர்களின் பெயர்கள் என்று எந்த அகராதியிலும் இடம்பெறாத சொற்கள் வந்துகொண்டே இருக்கும். அவை அனைத்துக்கும் சிவப்புக்கோடு இடப்பட்டால், உண்மையான பிழை அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். கோட்ஸ்பெல் இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை அது வைத்திருக்கிறது. விக்கிப்பீடியா தொகுத்த பொதுப்பிழைப் பட்டியலை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த பட்டியல் அது. அதில் உள்ள வடிவம் கண்ணில் பட்டால் மட்டுமே வாய் திறக்கும். வாசலில் அறிமுகமில்லாத எல்லோரையும் நிறுத்தி விசாரிக்கும் காவலாளிக்கும், கையில் உள்ள புகைப்படத்தோடு ஒத்துப்போகிறவரை மட்டும் நிறுத்தும் காவலாளிக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இந்தக் கருவியின் நன்மை தீமை இரண்டும் இந்த ஒரே முடிவிலிருந்துதான் பிறக்கின்றன. பெரிய ஆவணத் தொகுப்பு ஒன்றில் ஓடவிட்டாலும், படித்து முடிக்கக்கூடிய அளவிலேயே எச்சரிக்கைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை உண்மையான பிழைகளாகவும் இருக்கும். ஆனால் பட்டியலில் இதுவரை யாரும் சேர்க்காத புதிய பிழை எவ்வளவு அப்பட்டமாக இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. எனவே கோட்ஸ்பெல் எதையும் சொல்லவில்லை என்பதை வைத்து ஆவணம் பிழையற்றது என்று முடிவு கட்டுவது தவறு.

சொற்பட்டியல் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பிழை, நடுவில் அம்புக்குறி, அதற்குப் பிறகு திருத்தம். ஒரு பிழைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் பொருந்துமானால், அவை காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருக்கும். இப்படிப்பட்டவற்றைக் கருவி தானாகத் திருத்துவதில்லை. சாத்தியமான சொற்களைக் காட்டிவிட்டு, முடிவை நம்மிடம் விடுகிறது. பிழைதிருத்தி ஒன்று தன் சந்தேகத்தைத் தானே ஒத்துக்கொள்ளும் இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பட்டியல் ஒன்றல்ல, பல. ஐயத்துக்கு இடமில்லாத பிழைகள், அரிதாக வழங்கும் சொற்கள் ஆகிய இரண்டு பட்டியல்கள் மட்டுமே இயல்பாக இயங்கும். பேச்சுவழக்குச் சொற்களுக்கும் ஆட்பெயர்களுக்கும், நிரலில் சரியாக இருந்தாலும் உரைநடையில் பிழையாக இருக்க வாய்ப்புள்ள சொற்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். யுஇன்ட் என்ற தரவுவகைப் பெயர் இவற்றுள் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டிஷ் எழுத்துமுறையை அமெரிக்க முறைக்கு மாற்றும் பட்டியலும் இயல்பில் அணைக்கப்பட்டே இருக்கிறது. பள்ளியிலிருந்தே பிரிட்டிஷ் முறையில் எழுதிப் பழகிய நம்மவர்களுக்கு இது ஆறுதல். ஆயினும் அமெரிக்க முறையை வரையறுத்துக்கொண்ட திட்டத்துக்கு எழுதும்போது அந்தப் பட்டியலைச் சேர்ப்பது நல்லது. ஒரே கையேட்டில் இரண்டு முறையும் கலந்து வருவது, பிழை என்று சொல்ல முடியாவிட்டாலும், படிப்பவருக்கு உறுத்தும்.

தவறான எச்சரிக்கைகள் குறைவே தவிர, இல்லாமல் இல்லை. குறுஞ்சொற்களில்தான் தொல்லை அதிகம். இயந்திரக் கற்றல் ஆவணங்களில் தவறான எச்சரிக்கைகளின் விகிதத்தைக் குறிக்க எஃப்பிஆர் என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் வழங்குகிறது. கோட்ஸ்பெல் அதைத் தட்டச்சுப் பிழையாகக் கருதி எச்சரிக்கிறது. தவறான எச்சரிக்கையின் பெயருக்கே தவறான எச்சரிக்கை! இத்தகைய சொற்களைப் புறக்கணிப்புப் பட்டியலில் போட்டுவைக்கலாம். அந்தப் பட்டியலைத் திட்டத்தின் அமைப்புக் கோப்பிலேயே எழுதிவைத்தால், பணியாற்றும் அனைவருக்கும் ஒரே விதி நடைமுறையில் இருக்கும். குறிப்பிட்ட வடிவிலான வரிப்பகுதிகளை, எழுத்துகளின் வடிவத்தை விவரிக்கும் ரெகெக்ஸ் கோவை கொடுத்து விலக்கும் வசதியும் உண்டு.

இனி, எச்சரிக்கையோடு கையாள வேண்டிய வசதிக்கு வருகிறேன். டபிள்யூ என்ற தேர்வைச் சேர்த்துக் கட்டளையிட்டால், கோட்ஸ்பெல் பிழைகளைக் காட்டுவதோடு நில்லாமல் கோப்புகளில் நேரடியாகத் திருத்தியும் எழுதிவிடும். மென்பொருள் ஆவணத்தில் உரைநடையும் நிரலும் கலந்தே இருக்கின்றன. எது விளக்கம், எது எடுத்துக்காட்டு நிரல், எது திரையில் வரும் வெளியீட்டின் படி என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. நிரலே ஒரு பிழைச்செய்தியைத் தவறான எழுத்தோடு அச்சிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையேட்டில் மட்டும் அந்தச் செய்தியைத் திருத்திவிட்டால், திரையில் கண்டதை நகலெடுத்துக் கையேட்டில் தேடும் பயனருக்கு எதுவும் அகப்படாது. முதலில் நிரலைத் திருத்த வேண்டும், அதன் பிறகே கையேட்டை. லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் பழைய வழிகாட்டுதல்களில், சில்லறைத் திருத்தங்களாக ஏற்கத்தக்கவை எவை என்ற பட்டியலில், ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழைகளோடு, கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கட்டளையின் தேடலைக் கெடுக்கக்கூடிய எழுத்துப்பிழைகளும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. எழுத்துப்பிழை என்பது அழகு பற்றிய விஷயம் மட்டுமன்று, தேடினால் கிடைப்பது பற்றியது என்பதை அதை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

திருத்தவே கூடாத பிழைகளும் இருக்கின்றன. எச்டிடிபி நெறிமுறையில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும் ரெஃபரர் தலைப்பில் ஓர் ஆர் எழுத்து குறைவு. 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே அந்தப் பிழை நிலைத்துவிட்டது; உலகின் உலாவிகளும் சர்வர்களும் அதையே பேசுவதால் இனி மாற்ற வழியில்லை. பின்னாளில் வந்த ரெஃபரர்-பாலிசி தலைப்பு சரியாக எழுதப்பட்டதால், ஒரே பக்கத்தில் இரண்டு வடிவங்களும் அருகருகே வரும், இரண்டுமே சரி. யூனிக்ஸில் புதிய கோப்பை உருவாக்குமாறு கெர்னலைக் கேட்கும் சிஸ்டம் கால் ஒன்றின் பெயரில் கடைசி ஈ எழுத்து கிடையாது. அதன் கையேட்டுப் பக்கத்தில் அந்த எழுத்தைச் சேர்த்துவிட்டால், படித்து எழுதுகிறவரின் நிரல் தொகுக்கப்படாது. இவற்றையெல்லாம் ஆளறிந்துதான் திருத்த முடியும். எனவே டபிள்யூ தேர்வைத் தனியாகப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம்மைக் கேட்கும் ஐ தேர்வின் மூன்றாம் நிலையோடு சேர்த்துப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் படும் பாட்டைப் பற்றி ஆங்கில ஆவணம் எழுதுகிறவர்கள் அதிகம் நினைப்பதில்லை. தமிழாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த துன்பம். மென்பொருளின் வாக்கியங்களை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் முறையில் மூல ஆங்கில வாக்கியமே மொழிபெயர்ப்புக்குச் சாவி. அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சாவி பொருந்தாமல் போகும். அடுத்த முறை கோப்புகளை இணைக்கும்போது அதன் தமிழாக்கம் ஃபஸி, அதாவது ஐயத்துக்குரியது, என்று குறிக்கப்பட்டு, யாராவது பார்த்து உறுதிசெய்யும் வரை பயனருக்கு ஆங்கிலமே தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் திருத்தியதற்காக, மொழிபெயர்க்கப்பட்ட எல்லா மொழிகளிலும் ஒருவர் மறுபடி உட்கார வேண்டியிருக்கிறது. ஆர்வலர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும் மொழிகளில் அந்த வரி நெடுநாள் ஆங்கிலமாகவே நிற்கும். லினக்ஸ் பணிமேடைச் சூழலான க்னோம் போன்ற திட்டங்கள் வெளியீட்டுக்கு முன் சில வாரங்கள் வாக்கியங்களை மாற்றக்கூடாது என்று தடை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கோட்ஸ்பெல்லை ஓட்டுவதற்கு உகந்த காலம் அந்தத் தடைக்கு வெகு முன்னால்தான்.

எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு ஒரு கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பதை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020 அக்டோபரில் நடந்தபோது, நான்கு புல் ரிக்வெஸ்ட்கள், அதாவது மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பங்கள், அனுப்பினால் டி-ஷர்ட் என்று டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் அறிவித்திருந்தது. ரீட்மீ கோப்பில் தேவையில்லாத ஒரு சொல்லைச் சேர்ப்பது போன்ற வெற்று மாற்றங்கள் பராமரிப்பாளர்கள் மீது வெள்ளமாகப் பாய்ந்தன. அந்த மாதத் தொடக்கத்திலேயே, விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களுக்கு மட்டுமே பங்கேற்பு என்று விதி மாற்றப்பட்டது. கோட்ஸ்பெல் போன்ற கருவியை அறிமுகமில்லாத திட்டத்தின்மீது ஓட்டி, நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொடும் ஒரே மாற்றத்தை அனுப்பிவைப்பதும் ஏறக்குறைய இதே வகைத் தொல்லைதான். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேம் வரலாற்றில், திருத்தப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளராகப் பிழை திருத்தியவர் பெயர் வந்து நிற்கும். பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுசெல்லும்போது முரண்பாடுகள் முளைக்கும். ஆவணக் கோப்புகளில் மட்டும், சில பக்கங்களுக்கு ஒன்றாக, படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்புங்கள், மறுப்பவர் அரிது.

எனவே இந்தக் கருவியை வாசலில் நிறுத்துவதே சிறந்தது. மாற்றங்களைக் கிட் வரலாற்றில் பதியும் கமிட் செயலுக்கு முன் சோதனைகளை ஓட்டும் ப்ரீ-கமிட் அமைப்பில் இணைத்துவிட்டால், மாற்றப்பட்ட கோப்புகளை மட்டும் அது பார்க்கும். பிழை இருந்தால் கமிட் அங்கேயே நின்றுவிடும். உலகத்தின் கண்ணில் படுவதற்கு முன்பே பிழை போய்விடுவதால் மொழிபெயர்ப்பாளருக்கும் தொல்லை இல்லை, வரலாற்றிலும் கறை இல்லை. கெர்னல் நிரலாளர்கள் தங்கள் மாற்றங்களைச் சோதிக்கப் பயன்படுத்தும் செக்பேட்ச் நிரலும் இதே வழியில் செயல்படுகிறது. டெபியன் தொகுப்புகளைச் சரிபார்க்கும் லிண்டியன் கருவியிலிருந்து தொடங்கிய பிழைப்பட்டியல் ஒன்றைக் கெர்னல் தனக்கென வைத்திருக்கிறது. கோட்ஸ்பெல்லின் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கும் தேர்வு செக்பேட்சில் உண்டு.

மாற்றுக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட டைப்போஸ் மிக வேகமானது; நிரல் பெயர்களைச் சொற்களாகப் பிரித்துப் பார்ப்பதால், கோட்ஸ்பெல் தவறவிடும் பிழைகள் அதற்கு அகப்படும். ஆவணத்தோடு நிரலையும் சேர்த்துத் திருத்த விரும்புகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். சிஸ்பெல் அகராதி முறையைச் சேர்ந்தது. நுட்பச் சொற்களுக்கான அகராதிகள் நிறைய உண்டு என்றாலும், திட்டத்துக்கான சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேல் நடை விதிகளையும் சரிபார்க்கிறது. பெரிய ஆவணக் குழுக்களுக்கே அது பொருந்தும். சரியான சொல் தவறான இடத்தில் வரும்போது இவற்றை நம்பியிருக்க முடியாது. ஒரு வாக்கியத்தில் நாட் என்ற சொல் விடுபட்டு, செய்யக்கூடாததைச் செய்யச் சொல்லும் கையேட்டை எந்தப் பட்டியலும் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒருவர் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

தமிழில் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கோட்ஸ்பெல்லோடு தமிழ்ப் பட்டியல் எதுவும் வருவதில்லை. ஆனால் பெரிய எழுத்து டி தேர்வின் வழியாக, அதே அம்புக்குறி வடிவில் நாமே எழுதிய பட்டியலைக் கொடுக்கலாம். கொடுத்த பின்னும் அது வேலை செய்யாததைக் கண்டு பலர் கைவிட்டுவிடக்கூடும். பைத்தானின் ரெகெக்ஸ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை; அதனால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் அந்த இடங்களில் துண்டுதுண்டாக உடைந்துவிடுகிறது. ஆர் தேர்வில் யூனிகோடின் தமிழ் வரிசை முழுவதையும் சொல்லெழுத்தாகக் குறித்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். வேற்றுமை உருபுகள் ஏறிய ஒவ்வொரு வடிவத்தையும் பட்டியலில் தனித்தனியே எழுத வேண்டியிருக்கும் என்பதால், முழுப் பிழைதிருத்தியாக இதைக் கருத இயலாது. ஒரு திட்டத்தின் கையேட்டில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்களின் தவறான வடிவங்களைப் பிடிக்க மட்டும், ஒரு சிறு பட்டியலோடு இதைப் பயன்படுத்தலாம்.