பழைய எக்ஸ்1, க்யூ3, ஜிஎல்ஏ: எது கையைக் கடிக்கும்?

புது கிரெட்டா வாங்குகிற காசில் ஓர் ஆடி க்யூ3யோ, பிஎம்டபிள்யூ எக்ஸ்1ஓ, மெர்சிடிஸ் ஜிஎல்ஏவோ செகண்ட் ஹேண்டில் கிடைத்துவிடுகிறது. பத்து வருடம் ஓடியிருக்கும், இரண்டு மூன்று கை மாறியிருக்கும், ஆனால் கதவைச் சாத்தினால் இன்னும் அதே கனமான சத்தம். ஆசை வருவதில் தப்பில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இறங்கியிருப்பது வண்டியின் விலைதான். பார்ட்ஸ் விலையும் கூலியும் புது வண்டிக்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவேதான்.

மூன்றிலும் டீசலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சந்தையில் அதிகம் வருவது அதுதான், பெரிய பில் வருவதும் அதில்தான்.

முதலில் எக்ஸ்1. 2010 கடைசியில் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை (இ84) சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையிலேயே பூட்டப்பட்டது. ஓட்டிப் பார்த்தால் மூன்றில் இதுதான் மனதைப் பறிக்கும். பின்சக்கரத்தால் உந்தப்படுகிற வண்டி, ஸ்டியரிங்கில் உயிர் இருக்கும். வில்லங்கம் இன்ஜினில். 20டி என்கிற டீசல் மாடலில் இருக்கும் என்47 இன்ஜினின் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் சங்கிலி), பெயர் கெட்டுப்போன ஒன்று. ஆரம்பகால இன்ஜின்களில், குறிப்பாக 2011க்கு முந்தையவற்றில், செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகளும் தேய்ந்து தளர்ந்தன. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் காலி. இதைவிடக் கொடுமை செயின் இருக்கும் இடம். வழக்கமாக முன்பக்கம் இருப்பதை இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். செயின் செட்டின் விலை பெரிதில்லை. அதைத் தொட கியர்பாக்ஸையோ முழு இன்ஜினையோ இறக்க வேண்டும். வெளி கேரேஜிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், கம்பெனி சர்வீஸில் அதைவிட நன்றாகவே கூடும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. விற்பவரிடம் 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுப் பக்கம் காதைக் கொண்டுபோங்கள். டீசலின் வழக்கமான படபடப்புக்கு அடியில் சரசரவென உரசல் கேட்டாலோ, 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள் அந்தச் சத்தம் கூடினாலோ, பேரம் பேசவே வேண்டாம்.

பிற்கால இ84இல் வரும் 8 ஸ்பீடு இசட்எஃப் கியர்பாக்ஸ் அருமையானது. ஆனால் அதன் ஆயிலை 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்றது பிஎம்டபிள்யூ. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றும். ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒட்டியே வருவதால் பேனையே மாற்ற வேண்டும். ஆயிலோடு சேர்த்து சுமார் 30,000 முதல் 45,000 வரை. அப்புறம், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃப்ளாட் டயர். ஸ்டெப்னி இல்லாததற்குப் பதிலாகத் தருகிற இந்த டயர் ஒன்றுக்கே 15,000க்கு மேல், நம் ஊர்ப் பள்ளங்களில் பக்கவாட்டில் வீங்கவும் செய்யும். பேட்டரியைக்கூடச் சும்மா மாற்ற முடியாது; ஸ்கேனர் போட்டு, புதுசு வந்திருப்பதை வண்டிக்குப் பதிவு செய்ய வேண்டும்.

2016இல் வந்த இரண்டாம் தலைமுறை எக்ஸ்1 (எஃப்48) வேறு வண்டி. இன்ஜின் பி47, முன்சக்கரத்தை அடிப்படையாகக் கொண்டது, உள்ளே இடமும் தாராளம். செயின் இதிலும் கியர்பாக்ஸ் பக்கம்தான், ஆனால் என்47 அளவுக்குப் புகார் இல்லை. பிஎம்டபிள்யூ டீசல்களில் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) கூலர் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் என்று 2018இல் வெளிநாடுகளில் பெரிய ரீகால் நடந்தது. எந்த பிஎம்டபிள்யூ டீசல் வாங்கினாலும் கூலன்ட் அளவு குறைகிறதா என்று பார்ப்பது நல்லது.

க்யூ3க்கு வருவோம். 2012இல் வந்த 2.0 டிடிஐ, 2015இல் உலகமே பேசிய, ஆடியின் தாய்க் குழுமமான வோக்ஸ்வாகனின் மாசு மோசடி விவகாரத்தில் சிக்கிய இஏ189 இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலும் அந்தக் குழுமம் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. புகைக்கரி படிந்து இஜிஆர் வால்வு அடைத்துக்கொள்வது இதன் பழைய வியாதி. ஆனால் பராமரிக்கிறவரின் கண்ணோட்டத்தில் இதற்கு ஒரு பெரிய வசதி: டைமிங்குக்கு செயின் இல்லை, பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் தலைவலி முடிந்தது. வெளியில் 25,000 முதல் 40,000 வரை கேட்பார்கள். எப்போது வரும் என்று தெரிந்த செலவு. மாற்றிய பில் விற்பவரிடம் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழித்துவிடுங்கள்.

இதன் 7 ஸ்பீடு எஸ் ட்ரானிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்டது. சின்ன வோக்ஸ்வாகன்களில் பேரைக் கெடுத்த உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் உழைக்கும். பலரும் கவனிக்காதது, பின்சக்கரங்களுக்கு உந்துவிசையைக் கொடுக்கும் பின்பக்க ஹால்டெக்ஸ் யூனிட். ஆயில் மாற்றாமல் விட்டால் பம்ப்பின் வலை அடைத்து பம்ப் போய்விடும். வண்டி முன்சக்கரத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் குவாட்ரோ (ஆடியின் நான்கு சக்கர உந்துதலுக்குப் பெயர்) என்று எழுதியிருக்கும்.

ஜிஎல்ஏ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2014இல் வந்தது. உயரம் கூட்டிய ஹேட்ச்பேக் என்று சொன்னால் பென்ஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான் உண்மை, பின்சீட்டும் நெருக்கடி. ஓஎம்651 டீசலின் செயினும் கியர்பாக்ஸ் பக்கமே இருக்கிறது, என்றாலும் என்47 போல அடிக்கடி காலை வாரியதில்லை. பயம் 7 ஸ்பீடு இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதியில். நெரிசலில் ஊரும்போது உதறல், திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொள்வது, இவைதான் அறிகுறி. ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்து அந்த வேலை முடிவது அபூர்வம்.

ஆக, ஆரம்பகால எக்ஸ்1 20டியை செயின் மாற்றிய பில் இல்லாமல் தொடவே மாட்டேன். பெல்ட் பில்லோடு ஒரு க்யூ3 வந்தால் அதுதான் என் தேர்வு. இன்னும் சில லட்சம் போட முடிந்தால் எஃப்48. ஜிஎல்ஏ, பேட்ஜுக்காக மட்டும்.

எதை எடுத்தாலும் டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் குழியில் விரலை ஓட்டிப் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகளுக்கு என்னதான் பாலிஷ் போட்டாலும் அந்த மூலையில் மெல்லிய வண்டல் மிஞ்சியிருக்கும். தில்லி வண்டி மலிவு என்று ஆசை காட்டினால் என்ஓசி, மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு இருந்த கெடுபிடியால்தான் அவை இங்கே வருகின்றன.