பொதிக்கிடாவோடு ஏழு வருடம்: சாயல்குடிக் கரையிலிருந்து ஓர் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் என்னைப் பார்க்கிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, கிடா என்ன விலை? இன்னொன்று, ஆடு போய் மூட்டை சுமக்குமா? முதல் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். இரண்டாவதுக்குப் பதில்: சுமக்கும். ஆனால் நம் கரையில் அது சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை அதுவே குடித்துவிடும்.

கணக்கைச் சொல்கிறேன். நன்றாக முதிர்ந்த கிடா தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் கால் பங்கு சுமக்கலாம். நம்மூர்க் கொடியாட்டுக் கிடா 35 முதல் 40 கிலோ வரும். நான் 8 கிலோவோடு நிறுத்திக்கொள்வேன். மூன்று கிடாவுக்கு 24 கிலோ. மாசி வெயிலில் நடக்கிற ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும். மூன்றுக்கும் 12, எனக்கு 4, ஆக 16 லிட்டர். மிச்சமிருக்கிற 8 கிலோவுக்குள் தார்ப்பாய், போர்வை, அரிசி, பருப்பு, சட்டி, டார்ச் எல்லாம் அடங்க வேண்டும். இதுவும் ஒரு நாளைக்கு உள்ள கணக்குத்தான். மறுநாளைக்கு வழியில் தண்ணீர் கிடைத்தாக வேண்டும்.

இந்த வம்பு எனக்கு எதற்கு? 22 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு, முதுகெலும்பில் தட்டு விலகி ஊருக்கு வந்தவன் நான். அரிசிப் பையைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ சின்ன வயதிலிருந்தே கரையோரமாக நடந்து, ராத்தங்கி வருகிற பழக்கம். அப்போதுதான் உத்தராகண்ட் மலையில் பித்தோராகர் பக்கம் பணியில் இருந்தபோது பார்த்தது ஞாபகம் வந்தது. அங்கே போட்டியா மக்கள் ஆடுகளின் முதுகில் இருபுறமும் சின்னச் சின்னப் பையாகக் கட்டி மலையேற்றுவார்கள். ஒரு காலத்தில் அந்த ஆடுகள் தானியத்தைத் திபெத்துக்குக் கொண்டுபோய், உப்போடு திரும்பின. 1962 சீனப் போரோடு அந்த வியாபாரம் நின்றது. நான் பார்த்தது மேட்டுக் கிராமங்களுக்கு ரேஷன் ஏற்றிப்போன மந்தையை. அமெரிக்காவில் மலை நடப்பவர்கள் 1970களிலிருந்தே இதைச் செய்கிறார்கள் என்று பிற்பாடு யூடியூபில் தெரிந்துகொண்டேன். அவர்களுடைய கிடா 90 கிலோ. நம்முடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் ஆட்டின் முதுகில் ஏற்றினால் முதுகு ஒடியும்.

2018 தையில் மந்தை மேய்க்கிற ஒரு கீதாரியிடம் மூன்று கிடாக்குட்டிகள் வாங்கினேன், குட்டி 2,500 ரூபாய். எல்லாமே கொடியாடு. எங்கள் பக்கம் போரை என்பார்கள்; வெள்ளை உடம்பில் கருப்பு தெளித்தாற்போல் இருந்தால் கரும்போரை, செம்மண் நிறம் தெளித்திருந்தால் செம்போரை. காலும் கழுத்தும் நீளம், உடம்பு ஒல்லி, வெயில் தாங்கும். பேர் வைத்தது நான்தான்: சுபேதார், ஹவில்தார், சிப்பாய். பால்குடி மறக்காத குட்டிகளாகப் பார்த்துத்தான் எடுத்தேன். என் மனைவி புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். மந்தையில் வளர்ந்த கிடாவை இழுத்துக்கொண்டு போக வேண்டும். புட்டிப்பால் குடித்தது நம்மையே மந்தை என்று எண்ணிப் பின்னாலேயே வரும். ஏழு வருடத்தில் ரோட்டைக் கடக்கும்போது தவிர நான் கயிறு பிடித்ததில்லை.

நடுவில் ஆசை விடவில்லை. 2020-ல் வடநாட்டுப் பெரிய இனமான ஜமுனாபாரியில் ஒரு கிடா வாங்கினேன். 60 கிலோவைத் தாண்டும், 12 கிலோ ஏற்றலாம் என்ற கணக்கு. தொங்குகிற நீளக் காதைச் சீமைக்கருவேல முள் ஒரே மாதத்தில் கிழித்துவிட்டது. பத்து மணி வெயிலுக்கு நாக்கைத் தள்ளிக்கொண்டு நிழல் தேடும். நல்ல ஆடுதான், தோப்பில் கட்டிப்போட்டுத் தீனி போடுகிறவர்களுக்கு. நான் வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டேன்.

சுமைக்குக் காயடித்த கிடாதான் சரி. காயடிக்காதது பெட்டையைக் கண்டால் மூட்டையோடு ஓடும், நாற்றமும் தாங்காது. ஆனால் எப்போது காயடிப்பது என்பதில் நான் செய்த தவறுக்குச் சிப்பாய் விலை கொடுத்தான். ஊர் வழக்கப்படி அவனுக்கு இரண்டு மாதத்திலேயே செய்துவிட்டேன். மற்ற இரண்டுக்கும் அலைச்சலில் தள்ளிப்போய் ஆறு மாதம் ஆனது. 2021-ல் ஒரு நாள் காலை சிப்பாய் முதுகை வளைத்துக்கொண்டு முக்குகிறான், ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து அரை நாளை வீணாக்கினேன். கால்நடை மருத்துவர் பார்த்த உடனே சொன்னார், கல்லடைப்பு. கிடாவின் குறி நுனியில் புழு மாதிரி ஒரு சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும், கல் பெரும்பாலும் அங்கேதான் சிக்குமாம். அதைக் கத்தரித்து எடுத்தார். சர்ரென்று போனது மூத்திரம். அவர் சட்டை நனைந்ததைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை.

காரணம் மூன்று சொன்னார். சின்ன வயதில் காயடித்தால் மூத்திரக் குழாய் விரியாமல் நின்றுவிடும். பலம் வரட்டும் என்று நான் தினமும் போட்ட கம்பும் கோதுமைத் தவிடும் கல்லை வளர்க்கும். மூன்றாவது, எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்பு. ஆடு வாய் வைத்துவிட்டுத் திரும்பிவிடும், தண்ணீர் உள்ளே போகாமல் மூத்திரம் கெட்டிப்படும். அன்றோடு தானியத்தை நிறுத்தினேன். உடைமர நெற்று, வேப்பங்குழை, அகத்தி, மேய்ச்சல், இவ்வளவுதான் தீனி. ஊருணித் தண்ணீர் குடம் குடமாக வண்டியில் வருகிறது. எங்களுக்குச் சமையலுக்கும் அதே தண்ணீர்தான். “மாப்பிள்ளைக்குக்கூட இப்படித் தண்ணி சுமந்ததில்ல நீங்க” என்பாள் மனைவி.

பழக்குவது அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது. ஒரு வயதில் வெறும் கோணிச் சாக்கு, இரண்டு வயதில் காலிச் சேணம், மூன்றில் 4 கிலோ, நான்கு வயது முடிந்துதான் முழுச் சுமை. அதுவரை எலும்பு முற்றாது. நான்கு வருடம் மூன்று ஆட்டுக்கும் சும்மா சோறு போட்ட கதைதான். சேணம் சாயல்குடியில் ஒரு ஆசாரி வேப்பம் பலகையில் பெருக்கல் குறி மாதிரி செய்து கொடுத்தார். அடியில் என் பழைய ராணுவக் கம்பளி, நெஞ்சுக்கும் பின்தொடைக்கும் பழைய காரின் சீட் பெல்ட் வார், இரண்டு பக்கமும் தையல்காரர் தைத்த கான்வாஸ் பை. ஒன்றுக்கு 1,400 ரூபாய் ஆனது. வார் எல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது. பையைத்தான் இரண்டு முறை மாற்றினேன். ஒரு முறை ஹவில்தார் தின்றுவிட்டான்.

இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். கால் கிலோ கூடினாலும் ஒரு மைலுக்குள் சேணம் சரிந்துவிடும். மீன் நிறுக்கிற வில் தராசு ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். தண்ணீர் எடுக்கும்போதும் இடது பையில் ஒரு லிட்டர் எடுத்தால் வலதிலும் ஒரு லிட்டர் எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று மணல். கம்பளிக்கு அடியில் கைப்பிடி மணல் போனால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி முதுகு உரிந்துவிடும். சுமை ஏற்றிய முதல் வருடம் ஹவில்தாருக்கு அப்படி ஆகி, வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டு ஆற மூன்று வாரம் பிடித்தது. இப்போது நிற்கிற இடத்திலெல்லாம் கம்பளியை உதறுகிறேன்.

நடப்பதற்கு வருடத்தில் மூன்று மாதம்தான் தேறும். ஐப்பசி, கார்த்திகை மழை. நனைவதென்றால் ஆட்டுக்குச் சாவு மாதிரி, குளம்பும் அழுகும். சித்திரைக்கு மேல் மணல் சுடும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது. தை பிறந்து பங்குனி வரைக்கும்தான். காலை நாலு மணிக்குக் கிளம்பி எட்டரைக்கு நிறுத்துவேன், சாயங்காலம் இரண்டு மணி நேரம். மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம்; ஒவ்வொரு செடியையும் விசாரித்துவிட்டுத்தான் வரும். அலையோர ஈர மணல்தான் நடக்க இறுக்கமாக இருக்கும், ஆனால் அலையைப் பார்த்துப் பழக மூன்றுக்கும் ஒரு மாதம் ஆனது.

என் வழக்கமான வழி மூக்கையூரிலிருந்து மாரியூர், ஒப்பிலான், வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை. நான்கு இரவு. மாரியூர்க் கோயில் பக்கம் முதல் ராத்திரி. தண்ணீருக்கு மணல்மேட்டின் உள்பக்கம் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல ஊற்று கசியும். தையில் இளநீர் மாதிரி இருக்கும், பங்குனியில் கரிக்க ஆரம்பிக்கும். எந்த இடத்தில் தோண்டுவது என்று எனக்குக் காட்டியது கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள். அந்த ஊற்றுகள் இருப்பதால்தான் 8 கிலோ சுமக்கிற ஆட்டை வைத்துக்கொண்டு நான்கு நாள் நடக்க முடிகிறது. பனைக்காட்டுப் பக்கம் ஒருமுறை பனையேறி ஒருவர் ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றி, ஆட்டுக்கும் பாவம் என்று தண்ணீர் ஊற்றினார். சுபேதார் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பட்டையையும் தின்றான்.

எங்கே போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் ஆளே இறங்கக் கூடாது, ஆடு எங்கே. சித்திரங்குடி போன்ற பறவைச் சரணாலயக் கண்மாய்களுக்குள்ளும் கொண்டுபோவதில்லை. மீன்பிடி ஊர்களில் நைலான் வலைத் துண்டும் பிளாஸ்டிக் பையும் கிடக்கும், அங்கே மட்டும் வாய்க்கூடை போட்டுவிடுவேன். நாய்கள்தான் பெரிய தொல்லை, கையில் கம்பில்லாமல் கிளம்பாதீர்கள்.

நடப்பது வருடத்தில் பத்துப் பதினைந்து நாள். மிச்ச 350 நாளும் ஆடு வளர்ப்புதான், இதை யோசித்துவிட்டு இறங்குங்கள். எங்கள் மண் மணல், குளம்பு தேயவே தேயாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சீவ வேண்டும். ராத்திரி குளம்பிடுக்கில் முள் பார்க்க வேண்டும், சீமைக்கருவேல முள் உள்ளேயே ஒடிந்தால் கால் வீங்கிவிடும். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி மூன்று வருடத்துக்கு ஒன்று. துள்ளுமாரி நோய்க்கு மழைக்கு முன்னால் வருடா வருடம், ஏனென்றால் புதுப்புல்லை அள்ளித் தின்னும்போதுதான் அது வரும். குடற்புழு மருந்து தனி. கொட்டிலில் தரைக்கு மேலே பலகைப் பரண். வெளியூர்க் கல்யாணம் என்றால் இருவரில் ஒருவர்தான் போக முடிகிறது, போகிறவள் எப்போதும் என் மனைவி.

சரி, விலைக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் கிடா என்றால் அதற்கு ஒரே முடிவுதான். பங்குனியில் கோயில் கிடாவெட்டு, அப்புறம் பக்ரீத், நடுவில் காதுகுத்து. மூன்று கொழுத்த கிடாவோடு ஒருவன் நடந்து போனால் எல்லோருக்கும் கை அரிக்கும். “அண்ணாச்சி, நேர்ந்து விட்டதா?” என்பார்கள். ஏர்வாடியில் ஒரு பாட்டி, “தர்காவுக்கா தம்பி?” என்று கேட்டுச் சுபேதாரின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பையில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார். மறுக்க மனமில்லாமல் தர்கா உண்டியலில் போட்டேன். குட்டி விற்ற கீதாரி மட்டும் வேறு மாதிரி கேட்டார்: “ஏப்பா, உன் மூட்டையைத் தூக்க ஆடு, ஆட்டுக்குத் தண்ணி தூக்க நீயா?” அவரிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இந்தத் தையோடு ஏழு வயது. முழுச் சுமையோடு பதினோரு நடை ஆகியிருக்கிறது. சுபேதாருக்கு முன்னங்கால் முட்டியில் லேசாக வீக்கம், அதனால் இந்த வருடம் அவனுக்கு 3 கிலோதான், சட்டியும் டார்ச்சும். தண்ணீர் கேன் இரண்டும் ஹவில்தாருக்குப் போனது. கிளம்புகிற அன்று கேனை மாற்றிக் கட்டும்போது சுபேதார் வந்து ஹவில்தாரை முட்டித் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றான். இரண்டு முறை நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் இரண்டு காலிக் கேனை அவன் பக்கமும் தொங்கவிட்ட பிறகுதான் நடந்தான்.